மறைந்த நாடக நூல்களைத் தேடி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துருவம்)



இந்த மேடையில் நின்று பேசும் தகுதி எனக்குண்டோ என்ற ஐயத்துடனேயே வந்திருக்கின்றேன். நான் பண்டிதனுமல்லன், நடிகனுமல்லன். பழைய புத்தகங்களைத் தேடி அலைபவன் என்ற ஒரு பெயர் மாத்திரம் ஊரிலே எனக்குண்டு. அந்தப் பெயரை நம்பியே உங்கள் செயலாளர் என்னை அழைத்திருக்கின்றார் போலும். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசுகின்றேன். பொருள் சிறிதுதான். ஆனால் அதற்குள்ளே என் வாழ்நாளில் நான் செய்த ஒரு பெரும் பிழையும் அடங்கியிருக்கின்றது. அந்தப் பிழையை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

கேட்டதும் கண்டதும்

நாடகம் என்பது நிகழும் பொழுதே மறைவது. கோயில் வெளியிலே விடிய விடிய ஆடிய கூத்து, பொழுது புலர்ந்ததும் பந்தலோடு கலைந்துவிடும். வானொலியில் கேட்ட நாடகம் காற்றோடு போய்விடும். தொலைக்காட்சியில் கண்டதும் அவ்வாறே. கையிலே எஞ்சுவது நூல் ஒன்றுதான். நாடகத்தைப் பார்த்தவன் அதனை மீண்டும் நினைத்துக்கொள்வதற்கும், பாராதவன் அது எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வதற்கும் உதவுகின்ற துணை அந்த நூலே.

நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. புராண படனம் என்பது என்ன? ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுகின்றார். வாசிப்பவர் கையில் நூல் இருக்கும். சொல்பவர் வாயில் நாடகமே நடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கேட்பவர் மனம் நிறையும்.

இலங்கையிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலே சுயாதீன தொலைக்காட்சியோடு தொடங்கியது. ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வந்தது. ஆயினும் குடாநாட்டவர் பலர் உயர்ந்த கம்பத்திலே அன்ரெனாவைக் கட்டி, கடலுக்கு அப்பாலிருந்து வரும் தூரதர்சனைப் பார்த்தவர்கள். 1988ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலிருந்து 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம்வரை அதிலே மகாபாரதம் தொடராக வந்தது. மொழியோ ஹிந்தி. எங்கள் ஒழுங்கையிலே ஒரு வீட்டில் மாத்திரமே பெட்டி இருந்தது. விறாந்தை நிறைய ஆட்கள். எவருக்கும் ஒரு சொல் விளங்காது. ஆனால் அந்த வீட்டு ஆச்சி ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ நூலை மடியில் வைத்துக்கொண்டு, “இப்ப வாறவர் விதுரர், பேசாமல் பாருங்கோ” என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். அந்த அட்டை கிழிந்த நூல்தான் எங்களுக்கு அந்நாடகத்தின் துணை நூல். பெட்டி போயிற்று; மின்சாரமும் 1990இற்குப் பின் பல ஆண்டுகள் குடாநாட்டுக்கு இல்லாமற் போயிற்று. ஆச்சியின் புத்தகம் மாத்திரம் குப்பிவிளக்கு வெளிச்சத்திலே தொடர்ந்து வாசிக்கப்பட்டது.

வானொலிக் காலம்

தொலைக்காட்சிக்கு முன்னர் வானொலியே நமக்கு அரங்கமாயிருந்தது. கொழும்பிலே 1925ஆம் ஆண்டு தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர் றேடியோ சிலோன் ஆகி, 1967ஆம் ஆண்டிலே கூட்டுத்தாபனம் ஆயிற்று. அந்த வானொலியிலே யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் அரசிருக்கை பெற்றது நாடகங்களினாலேயே.

ஏழாலை தந்த எழுத்தாளர் இலங்கையர்கோன் அவர்களின் ‘விதானையார் வீட்டில்’ என்ற தொடரைக் கேட்ட முதியவர்கள் இங்கே இருக்கக்கூடும். சானா என்று எல்லோரும் அழைத்த சண்முகநாதன் அவர்களின் பெயரோடு ‘இலண்டன் கந்தையா’ இன்றும் சேர்ந்தே நினைக்கப்படுகின்றார். சில்லையூர் செல்வராசன் அவர்கள் திரைப்படத்திற்கென எழுதிய ‘தணியாத தாகம்’ வானொலித் தொடராகி, 1970களிலே வீடுகள்தோறும் ஒலித்தது. அது நடக்கும் வேளையிலே அடுப்படி வேலைகூட நின்றுவிடும் என்று என் அம்மா சொல்லுவார். போர்க்காலத்திலே மின்கலமும் கிடையாத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்திலே நாங்கள் வானொலி கேட்டோம். ஒருவர் கை ஓய்ந்தால் மற்றவர் சுற்றுவார். கை ஓய்ந்த இடத்திலே நாடகத்தின் ஒரு வரி போய்விடும். அந்த வரி என்னவென்று தேடிப் பார்க்கக் கையிலே நூல் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு முதன்முதல் அப்பொழுதுதான் உண்டாயிற்று.

அந்நாடகங்களுள் அச்சேறியவை சில. அச்சேறாது போனவை பல. அச்சேறியவையும் சில நூறு பிரதிகளாகவே வந்தன. இலங்கையர்கோன் 1961இல் மறைந்தார். அவருடைய சிறுகதைகளே ‘வெள்ளிப் பாதசரம்’ என்ற தொகுதியாக மறு ஆண்டிலேதான் வெளிவந்தன. கவிஞர் மகாகவி 1971இல் மறைந்தார். அவருடைய ‘புதியதொரு வீடு’ என்ற பா நாடகம் 1989ஆம் ஆண்டிலேயே நூலாயிற்று. மேடையிலிருந்து அச்சுக்குப் போகும் வழி நமது நாட்டில் இத்துணை நெடியது.

பிற நாட்டாரும் இழந்தனர்

இது நம் ஏழ்மையினால் வந்த இழப்பு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். செல்வம் மிகுந்த இங்கிலாந்து தேசத்திலும் இக்கதை உண்டு. 1953ஆம் ஆண்டிலே பிபிசி தொலைக்காட்சி ‘குவாற்றர்மாஸ் எக்ஸ்பெரிமென்ற்’ என்ற ஆறு பகுதி நாடகத்தை நேரடியாக நடித்துக் காட்டியது. நாட்டையே கட்டிப்போட்ட நாடகம் அது. ஆயினும் முதல் இரண்டு பகுதிகளே படச்சுருளில் பதிவாயின; மற்றைய நான்கும் நடித்த அன்றே மறைந்தன. நைஜல் நீல் எழுதிய அந்த நாடகப் பிரதியைப் பெங்குவின் பதிப்பகம் 1959ஆம் ஆண்டிலே சிறு நூலாக வெளியிட்டது. காணாமற்போன நான்கு பகுதிகளையும் இன்று ஒருவர் அறிய விரும்பினால் அந்நூலையே நாட வேண்டும்.

1963இலே தொடங்கிய ‘டொக்ரர் ஹூ’ என்ற தொடருக்கும் அவ்வாறே நேர்ந்தது. ஒளிநாடா விலை மிக்கது. ஆகவே பழையதை அழித்து அதன்மேற் புதியதைப் பதிந்தார்கள். அவ்வாறு போனவற்றின் கதையை 1973ஆம் ஆண்டு முதல் மலிவுப் பதிப்பாக வந்த ‘ராக்கற்’ நூல்களிலேதான் பிள்ளைகள் படித்தார்கள். இன்னொன்றையும் கேளுங்கள். அத்தொடரில் காட்சி அழிந்துபோன பகுதிகள் அத்தனைக்கும் ஒலி மாத்திரம் இன்றும் இருக்கின்றது. காரணம் என்ன? வீட்டிலிருந்த சில வாலிபர்கள் தொலைக்காட்சியின் முன்னே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்து கொண்டார்கள். நிலையம் காவாததை நேயர்கள் காத்தார்கள். இந்தச் செய்தியைச் சங்கத்து இளைஞர்கள் மனதிலே வைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் இழந்த விதம்

நமக்கோ காலமும் கறையானும் மாத்திரம் பகையாகவில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய கொடுமையிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின என்பர். பூபாலசிங்கம் புத்தகசாலையும் ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் அந்நாட்களிலேயே தீக்கிரையாயின. நூலகத்திலே ஒரு பிரதி, கடையிலே சில பிரதிகள், பத்திரிகைக் கட்டிலே விமரிசனம் என்றிருந்த நாடக நூலுக்கு ஒரே கிழமையில் மூன்று வீடும் போயின.

பின்னர், 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி. அந்த மழை இரவை இங்கிருப்போருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே வீதியிலே நடந்தது. கையிற் பிள்ளை, தலையில் மூட்டை. அந்த மூட்டைக்குள் புத்தகம் வைத்தவர் எத்தனைபேர்? வைக்காதவரைக் குறைசொல்ல எவருக்கு வாய் வரும்?

பெரியப்பாவின் புத்தகம்

இனி, என் கதைக்கு வருகின்றேன்.

என் பெரியப்பா இளமையிலே எங்கள் ஊர் வாசிகசாலையின் நாடகங்களில் நடித்தவர். அவர்கள் கையாண்ட நூல் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்களின் ‘நானாடகம்’. பேராசிரியர் பருத்தித்துறைப் பக்கத்துப் புலோலியிற் பிறந்தவர்; இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர்; இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி 1968இல் மறைந்தவர். இத்துணை கற்றவர், நாடகம் எழுதும்போது தம் ஊரார் பேசும் பேச்சையே எழுதினார். 1940ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலிலே ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’, ‘கண்ணன் கூத்து’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ என்ற நான்கும் உள்ளன. நாடகமென்றால் செந்தமிழிற்றான் அரசன் பேச வேண்டும் என்றிருந்த நாளிலே, படலையடியில் நின்று பேசுவதுபோல மேடையிலே பேசுவது பெரும் புதுமை.

பெரியப்பா 1950ஆம் ஆண்டளவிலே ‘உடையார் மிடுக்கு’ நடித்தவர். தாம் நடித்த பிரதியையே வைத்திருந்தார். ஓரங்களிலே பென்சிலால் நடிகர் பெயர்கள், எங்கே நிற்பது, எங்கே இருமுவது என்ற குறிப்புகள் எல்லாம் இருந்தனவாம். 1995இலே அதனை றங்குப்பெட்டியில் வைத்துப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு புறப்பட்டார். ஆறு மாதங்களின் பின் திரும்பியபோது வீட்டிற்குக் கூரையில்லை, பெட்டியுமில்லை. திறப்பு மாத்திரம் அவர் அரைஞாணிலே கடைசிவரை தொங்கிக்கொண்டிருந்தது.

2002ஆம் ஆண்டு. ஏ9 பாதை திறந்தது. மக்கள் போய்வரத் தொடங்கினார்கள். பெரியப்பாவுக்கு அப்பொழுது 74 வயது. ஒருநாள் என்னை அழைத்து, “தம்பி, நீ சைக்கிளிலை ஊரெல்லாம் திரியிறாய். எங்கையாவது அந்தப் புத்தகம் கிடந்தால் ஒருக்கால் பார். கடைசிக் காட்சியை ஒருமுறை படிச்சுப் போட்டுக் கண்ணை மூடலாம்” என்றார். விளையாட்டாகச் சொன்னதுபோலத்தான் சொன்னார். அவர் கண்ணைப் பார்த்த எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

அன்று தொடங்கிய தேடல். யாழ்ப்பாணத்துப் புத்தகக்கடைகளிலே கேட்டேன். அந்நாளில் எவரிடமும் இல்லை. பழைய கடதாசி வாங்குவோரிடம் போனேன். கச்சான் விற்கும் கிழவியிடம் சரை சுற்ற வைத்திருந்த தாள்களையும் புரட்டினேன். ஒரு வாசிகசாலையின் பதிவேட்டிலே நூலின் பெயர் இருந்தது, எதிரே இரவல் பெற்றவர் கையெழுத்தும் இருந்தது, திகதி 1958. அந்தக் கையெழுத்துக்குரியவர் வெளிநாடு போய் அங்கேயே காலமாகிவிட்டார். இரவல் கொடுத்த நூல் திரும்பாமை நமது நாட்டின் பொது நோய்.

எட்டு மாதம் கழிந்து, வடமராட்சியிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் ஒரு பிரதி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஐயா என்னை இருத்தித் தேநீர் தந்தார். நூலையும் கொண்டுவந்து காட்டினார். அட்டையில்லை, தாள் பழுத்துத் தொட்டால் ஒடிகின்ற நிலை. “தம்பி, ஒருமுறை இரவல் குடுத்து மூன்று வருஷம் அலைஞ்சு திரும்ப எடுத்தனான். வீட்டுப் படலையைத் தாண்டி இது போகாது. இருந்து எழுதிக்கொண்டு போ” என்றார். போட்டோப் பிரதி எடுக்கும் கடை சந்தியிலேயே இருந்தது. அவர் இசையவில்லை. அவரிலே பிழையில்லை. ஐந்து நாட்கள் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து, நாடகத்தைக் கொப்பியிலே எழுதினேன். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, இடையிடையே கறையான் தின்ற இடங்களுண்டு. கடைசிப் பகுதியிலோ ஒரு வரிகூட எஞ்சவில்லை என்று. பெரியப்பா கேட்டதே அந்தப் பகுதியைத்தான்.

என் பிழை

கொப்பியைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே எழுந்து நிமிர்ந்து இருந்தார். இரண்டாம் பக்கத்திலே நான் வாசிக்க முன்னர் அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். விடுபட்ட இடம் வந்தது. “இனி இல்லைப் பெரியப்பா, கறையான் திண்டிட்டுது” என்றேன். “அதுக்கென்ன, எழுது” என்றார்.

மூன்று மாலைப்பொழுது அவர் சொல்ல நான் எழுதினேன். 52 ஆண்டுகளுக்கு முன் பாடமாக்கியதை அவர் இருமும் இடத்தில் இருமி, சிரிக்கும் இடத்தில் சிரித்துச் சொன்னார். ஆனால் நண்பர்களே, இங்கேதான் என் பிழை நேர்ந்தது. ஓரிடத்திலே அவர் நீண்டதொரு பேச்சைச் சொல்லத் தொடங்கினார். எங்கள் ஊரின் குளமும், ஊரிலே அந்நாளில் நடந்த ஒரு காணி வழக்கும், இன்னார் இன்னார் என்ற பட்டப்பெயர்களும் அதிலே வந்தன. எனக்குத் தெரிந்துவிட்டது, இது பேராசிரியர் எழுதியதன்று, இவர்கள் கூட்டிச் சேர்த்தது என்று. “பெரியப்பா, இது புத்தகத்திலை இராது. புத்தகத்திலை உள்ளதை மாத்திரம் சொல்லுங்கோ” என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். “சரி, விடு” என்று அடுத்த இடத்திற்குப் போய்விட்டார். நான் பேனையை மூடிவைத்திருந்தேன். அந்தப் பேச்சை நான் எழுதவில்லை.

2004ஆம் ஆண்டிலே பெரியப்பா காலமானார்.

அடுத்த ஆண்டிலே கொழும்பில் ஒரு நூலகத்திலே ‘நானாடகம்’ முழுப் பிரதியைக் கண்டேன். கை நடுங்கக் கடைசிக் காட்சியைத் திறந்து, என் கொப்பியோடு ஒப்பிட்டேன். பெரியப்பா சொன்னவற்றிற் பெரும்பகுதி சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தது. சில இடங்களிலே வேறு சொல். அவர் சொல்லவிருந்த அந்த நீண்ட பேச்சு, நான் நினைத்ததுபோலவே, அச்சில் இல்லை. நான் நினைத்தது சரி. ஆயினும் அந்தச் சரி எனக்கு எள்ளளவும் மகிழ்ச்சி தரவில்லை. அச்சில் இருந்தது அங்கே அலுமாரியிலே பத்திரமாக என்னைக் காத்துக்கொண்டிருந்தது. அச்சில் இல்லாதது ஒரே ஒரு மனிதர் நெஞ்சிலே இருந்தது; அதனை அவர் எனக்குத் தரவந்தபோது நான் வேண்டாமென்றேன். எங்கள் ஊரார் பேராசிரியரின் நாடகத்திற்குள் தங்கள் ஊரையே கொண்டுபோய் வைத்த அந்தப் பேச்சு இப்பொழுது உலகத்திலே எங்குமில்லை.

இதுவே நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. நூலைத் தேடுங்கள், ஆனால் நூலுக்கு முன்னர் ஆளைத் தேடுங்கள். நூல் சில காலம் காத்திருக்கும். ஆள் காத்திருப்பதில்லை.

தேடும் வழி

இனி, தேடப் புகும் வாலிபர்க்குச் சில வழிகளைச் சொல்லி வைக்கின்றேன். நான் பட்டு அறிந்தவை இவை.

முதலாவது, எதனைத் தேடுகின்றோம் என்பதைச் சரியாக அறிய வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, அச்சகம் ஆகிய நான்கும் தெரிந்தால் பாதித் தேடல் முடிந்தது. இதற்கு நூலகவியலாளர் என். செல்வராஜா அவர்கள் தொகுத்த ‘நூல்தேட்டம்’ பெருந்துணை. 2002ஆம் ஆண்டிலே தொடங்கிய அத்தொகுதிகள் ஒவ்வொன்றும் 1000 ஈழத்துத் தமிழ் நூல்களைக் குறிப்போடு தருகின்றன. கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் 1968இல் வெளியிட்ட ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ போன்ற நூல்களிலே, எந்த நாடகம் எப்பொழுது எவரால் ஆடப்பட்டது என்ற செய்திகள் கிடைக்கும்.

இரண்டாவது, 2005ஆம் ஆண்டிலே சில இளைஞர் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைப் பாருங்கள். ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் மலர்களும் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டு எவரும் இலவசமாகப் படிக்க வைக்கப்பட்டுள்ளன. நான் சைக்கிளிலே எட்டு மாதம் அலைந்து தேடிய வகை நூல்களுட் பல இன்று கைத்தொலைபேசியிலே சில நிமிடத்தில் வந்துவிடும். அங்கே இல்லாததைத் தேடுவதே இனி உங்கள் வேலை.

மூன்றாவது, சட்டம் காத்த பிரதிகள். இலங்கையிலே 1885ஆம் ஆண்டு முதல், அச்சிடப்படும் நூலின் பிரதிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டுமென்ற சட்டம் உண்டு. ஆகவே கொழும்பு நூதனசாலை நூலகத்திலும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். கடல் கடந்தால் இலண்டன் பிரித்தானிய நூலகம். தமிழ்நாட்டிலே, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களை மூலமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

நான்காவது, நூல் என்ற பெயரில் வராதவற்றையும் பாருங்கள். பாடசாலை மலர், கோயிற் கும்பாபிஷேக மலர், வாசிகசாலை வெள்ளிவிழா மலர், நினைவுமலர் இவற்றிலே நாடகப் பிரதி முழுவதாகவோ துண்டாகவோ கிடக்கும். கூத்துக் கொப்பிகள் அண்ணாவிமார் வீட்டுப் பரணிலே கிடக்கும். அத்தகைய கையெழுத்துக் கொப்பிகள் அச்சேறலாம் என்பதற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962ஆம் ஆண்டிலே பதிப்பித்த ‘அலங்காரரூபன் நாடகம்’ சான்று.

ஐந்தாவது, கிடைத்தபின் நடந்துகொள்ளும் முறை. நூலை உடையவரிடமிருந்து பறிக்க எண்ணாதீர்கள். அவர் கண்முன்னே, அவர் விறாந்தையிலேயே, கைத்தொலைபேசியால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிடலாம். ஐந்து நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். நூல் அவரிடமே இருக்கட்டும். அவருக்கு ஒரு பிரதி அச்சடித்துக் கொடுங்கள். ஓரத்திலுள்ள பென்சிற் குறிப்புகளையும் விடாது எடுங்கள். படமெடுத்ததை ஒரே கருவியில் வைத்திராமல் மூன்று இடத்தில் வையுங்கள். எரிவதும் இடம்பெயர்வதும் எப்பொழுது வரும் என்பதை நாம் அறியோம்.

மறுபதிப்புச் செய்ய நினைத்தால் ஒன்று கவனிக்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை அவர் உரித்தாளருக்கே உண்டு. கணபதிப்பிள்ளை அவர்கள் 1968இல் மறைந்தவராகையால் 2038 முடியும்வரை அவர் நூல்களுக்கு அது பொருந்தும். நல்லது செய்யப் புகுந்தாலும் கேட்டுச் செய்வதே முறை.

கடமை

நண்பர்களே, சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நினைத்துப் பாருங்கள். தொட்டால் ஒடிகின்ற ஏடுகளைத் தேடிச் சேர்த்து, 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று ஒவ்வொன்றாக அச்சேற்றினார். அவர் சங்க நூலைத் தேடினார், நாமோ வானொலி நாடகத்தைத் தேடுகின்றோம், இரண்டும் ஒன்றாகுமா என்று ஒரு பெரியவர் கேட்கலாம். ஒன்றாகாதுதான். ஆயினும், நம் பாட்டன் பாட்டி பேசிய பேச்சு, அவர்கள் சிரித்த சிரிப்பு, அவர்களுக்குள் இருந்த பெருமையும் சிறுமையும் சங்க நூலில் இல்லை. இந்த நாடகங்களிலேதான் இருக்கின்றன. உடையாரும் விதானையாரும் பரியாரியாரும் இன்று நம் ஊரில் அந்தப் பழைய கோலத்தில் இல்லை. அவர்களை நம் பிள்ளைகள் காண வேறு வழியேது?

ஆகவே இச்சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். வருகிற ஆண்டிலே, ஒவ்வொரு வாலிபரும் தம் ஊரிலே 70 வயதைக் கடந்த ஒருவரிடம் போய், அவர் கேட்ட அல்லது நடித்த ஒரு நாடகத்தைப் பற்றி அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து வாருங்கள். அவர் சொல்வது புத்தகத்தில் உண்டோ இல்லையோ என்று இடையில் மறிக்காதீர்கள். அவர் வேறு கதைக்குப் போனாலும் போகட்டும், கருவி ஓடிக்கொண்டேயிருக்கட்டும். வரிசைப்படுத்துவதைப் பின்னர் செய்யலாம். அடுத்த ஆண்டு மலரிலே அவற்றுட் சிலவேனும் அச்சேறுமாயின் இச்சங்கம் தன் பெயருக்கேற்ற பணியைச் செய்ததாகும்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டகத்திலும் இருக்கும் பழைய கடதாசிகளைப் பிள்ளைகள் குப்பையென்று எரிக்கப் புகும் முன்னர், இந்த இளைஞர்களிலொருவரை அழைத்துக் காட்டுங்கள். கேட்க வருபவன் என்னைப் போல மூடத்தனமாக “அது வேண்டாம்” என்று சொன்னால், “சரி, விடு” என்று விட்டுவிடாதீர்கள். “பேசாமல் எழுது” என்று அதட்டிச் சொல்லுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. என் பெரியப்பா என்னை அப்படி அதட்டியிருக்கக் கூடாதா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பெரியப்பாவின் திறப்பு இப்பொழுது என்னிடம் இருக்கின்றது. அதற்குரிய பெட்டி இல்லை. என் மேசை இலாச்சியிலே, அந்தக் கொப்பியின் மேலே வைத்திருக்கின்றேன்.